இம்மாகுலேற்றுக்குச் சொல்லாத பதில்

இம்மாகுலேற் வாய்க்காரி என்று, பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் ஒரு கதை உண்டு. எமில் ஐயாவைப் பெரிய மனிதர் என்றும் பாராமல், கபேயில் பத்துப் பேருக்கு முன்னால் கேள்வி கேட்டவளாம். கேட்டது உண்மைதான். எண்பத்தாறாம் ஆண்டு யூலை மாதம் நடந்தது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறவர்களில் ஒருவராவது அவள் என்ன கேட்டாள் என்று சொல்வதில்லை. அதை விழுங்கிவிட்டு அவளுக்குப் பெயர் மட்டும் வைப்பது எந்த ஊர் நியாயம்?

யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். டொக்டராக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் வளர்ந்தவள். ஏ.எல். சோதனையில் நல்ல புள்ளிகள் எடுத்தும் தரப்படுத்தல் குறுக்கே வந்து விழுந்தது. வேறு மாவட்டத்தில் பிறந்திருந்தால் போதுமாயிருந்த புள்ளிகள், யாழ்ப்பாணத்தில் பிறந்ததால் போதவில்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தமையன் லோறன்ஸ் அவளைக் கூப்பிட்டு எடுத்தான். வந்த கையோடு அகதி அட்டைக்கு விண்ணப்பித்தாள். பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள். ஏ.எல். பெறுபேற்றைப் பக்கலோறேயா என்ற இந்த நாட்டுப் பள்ளியிறுதிச் சோதனைக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளும் கடிதத்தையும் ஆறு மாதம் அலைந்து வாங்கிவிட்டாள். இனி மருத்துவ பீடத்துக்குப் போய் விசாரிப்பதுதான் பாக்கி.

விசாரிப்பதற்கு எமில் ஐயா வேண்டும். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் எந்தக் கந்தோருக்குப் போவதென்றாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் லா கூர்னெவில் ரயில் ஏறி வந்து, மெட்ரோ பாலத்தடிக் கபேயில் மூலை மேசையில் உட்காருவார். விசா அட்டை கொடுக்கும் ப்ரெஃபெக்த்தூர், ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று யார் எதற்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் எழுந்து வருவார். இதில் ஓர் எழுதாத சட்டமும் இருந்தது. கவுண்டரில் அவர் கதைக்கும்போது மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தவனும் தெரியாதவன் போல நிற்பான். குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் ஐயாவை நம்பவில்லை என்று ஆகிவிடுமே.

எண்பத்துநான்கு யூலையில் அவளும் லோறன்சும் எமில் ஐயாவுமாக மருத்துவ பீடத்துக் கவுண்டருக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே இருந்த பெண்மணி கடிதத்தைப் பார்த்துவிட்டு மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசினாள். புத்தகத்தில் வாசித்தால் இம்மாகுலேற் விளங்கிக்கொள்வாள். அந்த வேகம் அவள் காதில் ஏறவில்லை. ‘முதலாம் வருடம்’ என்பதும் ‘கொங்கூர்’ என்பதும் மட்டும் இரண்டு மூன்று தரம் பிடிபட்டன. கொங்கூர் என்றால் போட்டிப் பரீட்சை என்று அவளுக்குத் தெரியும். எமில் ஐயா திரும்பினார்.

“மொதல்ல பியோலோஜி படிக்கணுமாம்மா. ரெண்டு வருஷம். அந்தப் பட்டத்தோட வந்தா மெதிசின்ல சேர்றதப் பத்திப் பேசலாமாம்.”

ஐந்து நிமிடப் பேச்சுக்கு இவ்வளவுதானா? கொங்கூர் எங்கே போனது? அவள் வாயெடுக்கப் போக, லோறன்ஸ் கண்ணால் அடக்கினான். அமெரிக்காவில் இருந்த சொந்தக்காரர் ஒருவரும் அங்கே முதலில் ஒரு பட்டம், பிறகுதான் மருத்துவம் என்று எழுதியிருந்தார். உலகம் முழுக்க அப்படித்தானாக்கும் என்று அவளும் அடங்கிப்போனாள். “மெர்சி ஐயா” என்று நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

‘தெக்’ என்ற அந்த இரண்டு வருடப் பட்டத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உயிரியல் என்று சேர்ந்தால் பாறைகளையும் படிக்கச் சொன்னார்கள். டொக்டராகப் போகிறவளுக்குச் சுண்ணாம்புக்கல்லின் வயது எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். மருத்துவத்துக்கு எப்படிப் போவது என்று பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எமில் ஐயா நேரில் விசாரித்துச் சொன்ன விஷயத்தை இன்னொருத்தியிடம் கேட்பார்களா?

எண்பத்தாறு யூலையில் பட்டம் கையில். இந்தத் தடவை அவள் தனியாகத்தான் போனாள். கவுண்டரில் வேறொரு இளம்பெண் இருந்தாள். தாள்களைப் புரட்டிப் பார்த்தவள் புருவத்தை உயர்த்தினாள்.

“தெக் எதற்குச் செய்தீர்கள், மத்மோசெல்? பக்கலோறேயாவோடு நேராக முதலாம் வருடத்தில் சேரலாமே. இந்தப் பட்டத்துக்கு இங்கே ஒரு சலுகையும் இல்லை. நீங்களும் எல்லோரையும் போல முதலாம் வருடத்தில்தான் தொடங்க வேண்டும்.”

“இரண்டு வருடத்துக்கு முன்னாலும் இதுதான் விதியா?”

“அப்போதும் இதுதான்.”

இம்மாகுலேற் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஐயாவுக்கு ஏதோ பிழையாக விளங்கியிருக்கும், வயதானவர், அந்தப் பெண்மணியும் வேகமாகப் பேசினாள் என்று மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அவருக்காக அவளே வாதாடினாள். நேரே கபேக்குப் போனாள். மூலை மேசையில் எமில் ஐயா யாருக்கோ வரிப் பத்திரம் நிரப்பிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த லோறன்சும் அங்கே இருந்தான்.

“ஐயா, ரெண்டு வரியத்துக்கு முந்தி அந்த மனிசி என்ன சொன்னவ? நேரை சேரலாம் எண்டு சொன்னவவோ?”

எமில் ஐயா பேனாவை மூடினார். பொய் சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

“சொன்னாங்கம்மா. சேந்தா வருஷக் கடைசியில கொங்கூர். ஆறு பேர்ல ஒருத்தருதான் தேறுவாங்க. ரெண்டு வாட்டிதான் எழுதலாம், அதுக்கப்புறம் பிரான்சுல எங்கயும் மெதிசின் படிக்க முடியாது. இதெல்லாமும் சொன்னாங்க. எம் பொண்ணு ஜிஸ்லேன் இங்கயே படிச்சவ. அவளே ரெண்டு வாட்டி எழுதித் தோத்துட்டு ஒரு வருஷம் வீட்டை விட்டு வெளிய வரல. உனக்கு அப்போ போன்ஜூர் சொல்லவே நாக்கு பொரளாது. தெரிஞ்சே கெணத்துல தள்ளச் சொல்றியா? இப்போ பாஷை வந்துடுச்சு, போய் எழுது. உனக்கு என்ன நட்டம்?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“நான் தோத்திருப்பன்தான் ஐயா. இல்லாட்டி, பயமாக் கிடக்கு, பியோலோஜியே படிக்கிறன் எண்டு நானே சொல்லியிருப்பன். அதைச் சொல்ல விட்டனீங்களோ? ஊரிலை என்னைத் தடுத்த சட்டம் பேப்பரிலை வந்தது. வாசிச்சுப்போட்டு நாலு பேரோடை சேர்ந்து ஏசினனாங்கள். இஞ்சை நீங்கள் தடுத்ததுக்கு நான் உங்களுக்கு மெர்சி எல்லோ சொன்னனான்!”

பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் “பொம்பிளைப்பிள்ளை, பெரியவரோடை இப்பிடியோ கதைக்கிறது?” என்றார். இரண்டு வருடம் களவு போனது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. குரல் உயர்ந்தது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. லோறன்ஸ் எழுந்து, “குறை நினையாதேங்கோ ஐயா, அவளுக்கு மனம் சரியில்லை” என்று தங்கைக்காக மன்னிப்புக் கேட்டான். கேட்டுவிட்டுத் தெருவில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

“அவர் உன்ரை நல்லதுக்குத்தானே செய்தவர்?”

“எனக்கு எது நல்லம் எண்டு என்னட்டைக் கேக்கோணும் அண்ணை. அண்டைக்குக் கவுண்டரிலை அவருக்குச் சரியா மூண்டடி தள்ளித்தானே நிண்டனான்?”

செப்டெம்பரில் மருத்துவ பீடத்தில் பெயர் பதியப் போகும் நாள் வந்தது. கந்தோர் காரியம், எமில் ஐயாவை ஒருக்கால் கேட்டுப்பார்ப்போமா என்று லோறன்ஸ் இழுத்தான். அவள் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றி, லீவு போட்டுவிட்டுத் தானே கூட வந்தான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. கோப்பை, கத்தி, கெதி, கெதி என்பதற்கு மேல் போகாது.

கவுண்டரில் அந்த இளம்பெண்தான். கையெழுத்துக்கு முன்னால் இதை விளக்குவது தன் கடமை என்று தொடங்கினாள். ஆறு பேரில் ஒருவர். இரண்டு தரம் மட்டும். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் தேறுவது குறைவு. தேறினாலும் இன்னும் ஆறு வருடத்துக்குக் குறையாது. இம்மாகுலேற்றுக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியது.

“என்னவாம் பிள்ளை?” என்றான் லோறன்ஸ்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். ஐந்து வருடம் வெந்நீரில் ஊறி வெளிறிப்போன விரல்களால் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நல்ல செய்திக்காகக் காத்துக்கொண்டு நின்றான். ‘ஒண்டுமில்லை அண்ணை, எல்லாம் சரியாம்’ என்ற பதில் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சொன்னால் அவன் இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவான். யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னதை வரிசை மாறாமல் முழுவதும் சொன்னாள். வெளிநாட்டில் படித்தவர்கள் தேறுவது குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கேட்கக் கேட்க லோறன்சின் முகம் விழுந்தது.

“அப்ப ரெண்டாந்தரமும் தவறினால்?”

“அதோடை சரி அண்ணை. டொக்டர் கனவை விடவேண்டியதுதான்.”

“உனக்குப் பயமில்லையோ?”

“பயம்தான்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கவுண்டரில் ஒரு பொய் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு அன்பாக வாய்க்கு வருகிறது என்பதை அவள் இப்போது கண்டுகொண்டாள். எமில் ஐயா மேல் இருந்த கோபம் அதனால் குறைந்திருக்க வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். குறையவில்லை. தன்னால் விழுங்க முடிந்த அந்தப் பொய்யை அவரும் விழுங்கியிருக்கலாமே என்று அது இன்னும் கூடித்தான் போனது.