கேட்க மட்டும் பத்துப் பேர்

“கையைக் கொஞ்சம் தூக்குங்கண்ணா, கட்டு தெரியட்டும்,” என்று போனை நீட்டினான் உதயா.

டீக்கடை பெஞ்சில் இருந்த கார்வேட்டிநகரத்துக்காரர் கையைத் தூக்கினார்.

“மொதல்ல எருமை முட்டிச்சின்னேன் இல்ல தம்பி? அத எடுத்துடு. சிறுத்தைன்னு போடு.”

“சிறுத்தையா?”

“நேத்து ஒருத்தர் கரடின்னு சொன்னாராமே. பங்கு குடுத்தியாம்.”

உதயா போனை இறக்கினான்.

புத்தூரில் எலும்புக்கட்டு போடும் இடத்துக்கு எதிரே அவன் கடை. கட்டோடு வெளியே வருகிறவர்கள் டீ கைக்கு வந்ததும் எப்படி விழுந்தோம் என்று தாமாகவே சொல்வார்கள். அதைப் படம் பிடித்து, எல்லோரும் வைத்திருக்கும் ஒரு ஆப்பில் சில வருடங்களாகப் போட்டுவந்தான். காசு வராது. முந்நூறு பேர் பார்த்தார்கள். அந்த அக்காவுக்குக் கை சேர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நண்பன் சீனுதான் புதிய தளத்தைக் காட்டினான். பிளாக்செயினில் ஓடுவது, போட்டதை யாரும் அழிக்க முடியாது. பதிவு போட்டால் டோக்கன், லைக் விழுந்தால் இன்னும் டோக்கன். அதை விற்றால் பணம். முதல் மாதப் பணத்தில் கடைக்கு இரண்டாவது அடுப்பு வந்தது. கதை சொல்கிறவர்களுக்கும் உதயா பங்கு கொடுத்தான். அதுதான் நியாயம் என்று நினைத்தான். அதன்பிறகு யாரும் குளியலறையில் வழுக்கி விழவில்லை.

அங்கே எல்லோரும் பதிவு போடுகிறவர்கள். ஒருவன் லைக் போட்டால் திருப்பிப் போட வேண்டும், மொய்யைப் போல. “சூப்பர் ப்ரோ” என்று எழுதினார்கள். கை சேர்ந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வாரம் தளத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பதிவு போடாமல் பார்க்க மட்டும் வருகிறவர்கள் பத்துப் பேராவது இருந்தால்தான் இனிப் பணம். மாதக் கடைசிக்குள்.

“பழைய ஆப்புல முந்நூறு பேர வெச்சிக்கினு பத்து பேருக்கு அழுவுறியே,” என்றான் சீனு.

உதயா அவர்களில் பத்துப் பேரை அழைத்தான். முதலில் சேர்ந்தவர் நாயுடுபேட்டை செங்கம்மா. முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இந்த பெஞ்சில் கதை சொன்னவர். கணக்குக்குச் சாவியாகப் பன்னிரண்டு வார்த்தைகளை எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள் என்று தளம் சொன்னதும் போன் செய்தார். “நாலு பேச்சு கேக்க வந்தேன். எனக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய பூட்டு?”

இரண்டே நாளில் தன் ஆட்டுக்குட்டியைப் பதிவாகப் போட்டுவிட்டு மறுபடி அழைத்தார். “லைக் போடு உதயா. உனக்கு நான் போட்டேன் இல்ல?” மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராக எதையாவது போட்டார்கள். கேட்க மட்டும் யாரும் மிஞ்சவில்லை.

கடைக்குள் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அவன் மனைவி கோதைக்கு இப்போது சிரிப்பு தாங்கவில்லை. “சிறுத்தையே போடுய்யா. நாளைக்கி யானை வரும். திருப்பதி மலைல இருக்கறத எல்லாம் எறக்கிடு.”

“இன்னும் ரெண்டு நாள் இருக்குது. வேற பத்து பேர் கெடைப்பாங்க.”

“கெடைச்சா? அவங்களுக்கும் அந்தத் தளத்துக்காரன் காசு காட்டுவான். தெரு முழுக்க டீக்கடையா இருந்தா குடிக்க எவன் வருவான்?”

பணம் ஆட்களை வரவழைக்கத்தான் செய்தது. உதயாவும் அப்படி வந்தவன்தான். எல்லோரும் சொல்ல வந்தவர்கள்.

“அண்ணா, எருமை எங்க முட்டிச்சி?” என்று பெஞ்சுப் பக்கம் திரும்பினான்.

“பங்கு?”

“பங்கு இல்ல. டீக்குக் காசு வேணாம்.”

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

“எங்க எருமைதான். கன்னு செத்த மறுநாளு. நான் சும்மா இருந்திருக்கலாம். சொம்ப எடுத்துக்கினு கறக்கப் போயிட்டேன்.”

உதயா அதைப் பழைய ஆப்பில் போட்டான்.

மறுநாள் தூறிக்கொண்டிருந்தது. கட்டுக்கு வந்தவர்கள் குறைவு. பழைய ஆப்பில் சிலர் பார்த்திருந்தார்கள். எருமை இப்போது தீனி தின்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். புதிய தளம் பார்வையாளர் பூஜ்யம் என்று காட்டியது. செங்கம்மாவின் ஆட்டுக்குட்டிக்கு உதயா லைக் போட்டான். இரண்டாவது அடுப்பைக் கோதை பற்றவைக்கவில்லை.