மரவள்ளிக் காலத்தில் தட்டு சுடப் பழகியது

முதல் நாள்

சண்டையில் மலாயா ஜப்பான்காரர் கைக்குப் போன பிறகு, எங்கள் தோட்டத்து ஜப்பான் மானேஜர் ஒருநாள் காலையில் ஆபீஸ் மேசைமேல் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியை வைத்து, இதைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று மலாயில் கேட்டார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி யோசிக்கவே இல்லை. "இந்தா நிக்கிறானே சின்னையா, தொரைமாருங்க கிளப்புல வேலை பாத்தவன்" என்று என்னைக் காட்டிவிட்டார்.

வேலை பார்த்தது உண்மைதான். பாலோ ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கிளப்பில் சண்டைக்கு முன்பு வெள்ளைக்காரத் துரைமார் களிமண் தட்டு சுடுவார்கள். தட்டை வீசுவதற்கு டிராப் என்று ஒரு வில் வைத்த இரும்பு மிஷின் உண்டு. துரை "புல்!" என்று கத்தியதும் குழிக்குள் இருப்பவன் அதன் பிடியை இழுக்க வேண்டும், தட்டு பறக்கும். குழிக்குள் இருந்தவன் நான். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

அதை அப்படியே மானேஜரிடம் சொன்னேன். அவர் பல வருஷம் ஜொகூரில் ரப்பர் தொழிலில் இருந்தவர், மலாய் சரளமாக வரும். "சுடுறதப் பாத்திருக்க இல்ல? அப்ப போலே" என்றார். முடியும் என்று அர்த்தம். அதோடு பேச்சு முடிந்தது.

ரப்பர் வெட்டு நின்றுபோய், தோட்டத்தில் மரவள்ளி போட்டிருந்தோம். அரிசி கண்ணில் படாத காலம். கிழங்கு திரள்வதற்குள் காட்டுப்பன்றிகள் வந்து வரிசை வரிசையாகத் தோண்டிப் போட்டுவிடும். அவற்றைச் சுடத்தான் துப்பாக்கி. வெளியே வந்ததும் கிராணி என்னைத் தனியே இழுத்தார்.

"கெழங்கு இல்லன்னா இத்தன பேரு இங்க எதுக்குன்னு கேக்குறாரு. சியாமுக்கு ரயில் ரோடு போட ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பாத்துக்க."

சியாமுக்குப் போன எவரிடமிருந்தும் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஒரு சேதியும் வந்ததில்லை.

அன்று சாயங்காலமே போனேன். பன்றி ஓடியது. இரண்டு குழலையும் வெடித்தேன். ஒரு மரவள்ளித் தண்டு ஒடிந்தது. வீட்டுக்கு வந்தபோது வலது தோள் வீங்கியிருந்தது. என் மனைவி செல்லம்மா செம்பனை எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டாள்.

"பன்னிக்குக் காயமா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு மட்டுந்தானா?"

வலியிலும் சிரிப்பு வந்தது.

புல்

பன்றிக்கான பெரிய ரவைத் தோட்டாக்கள் மானேஜரிடம் கொஞ்சம்தான் இருந்தன. அவற்றைப் பழகுவதற்குச் செலவழிக்க முடியாது. கிளப்பின் பின்னறையில் தட்டுகளும் டிராப் மிஷினும், ஈரம் பட்ட சின்ன ரவைத் தோட்டாப் பெட்டி ஒன்றும் கிடந்தன. மானேஜரிடம் கேட்டேன். அதற்கும் போலே என்றார்.

குழிக்குள் யார் இருப்பது? செல்லம்மா தானே வந்தாள். லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. நான் "புல்!" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"எங்க பாத்தாலும் புல்லுதான். அத ஏன் கத்திச் சொல்றீங்க?"

"இழுன்னு அர்த்தம்!"

"இழுன்னே சொல்லலாமில்ல?"

அதற்குப் பிறகு நாங்கள் சுடப் பழகிய ரேஞ்சில் "இழு"தான்.

முதலில் தோட்டா இல்லாமல் பழகினேன். தட்டு பறக்கும், காலித் துப்பாக்கியோடு அதைத் தொடர்ந்து திரும்புவேன். துப்பாக்கிக் கட்டையைத் தோளுக்குள் இறுக்கி, கன்னத்தை அதில் ஒட்டிவைத்தேன். தோள் வலி குறைந்தது. ஆனால் தோட்டா போட்டதும் தட்டு முழுசாகவே போய் விழுந்தது. துரைமார் ஒருவரையொருவர் பார்த்து "பிஹைண்ட்!", பின்னால் போச்சு, என்று கத்துவது நினைவுக்கு வந்தது. தட்டைக் கண்டு, விரலை அழுத்தி, வெடி போய்ச் சேர்வதற்குள் தட்டு நகர்ந்துவிடும். அதனால் முன்னால் சுட வேண்டும், சுட்ட பிறகும் குழலை நிறுத்தக் கூடாது. இது மண்டைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

ஒரு தோட்டா வெடிக்கவில்லை. ஈரம். இப்படி நடந்தால் உடனே துப்பாக்கியைத் திறக்கக் கூடாது, தாமதமாக வெடிக்கலாம். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அசையாமல் நின்றேன். செல்லம்மா குழியிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, வெடிக்கவே இல்லையே, துப்பாக்கி ஏன் தலையக் குனிஞ்சுது?"

"குனிஞ்சுதா?"

"சத்தம் வரப்போவுதுன்னு நீங்க முன்னாடியே பயந்துர்றீங்க. கண்ணும் மூடுது."

அதன்பிறகு துப்பாக்கியில் தோட்டா போடுவது அவள் வேலையாயிற்று. சிலசமயம் நல்ல தோட்டா, சிலசமயம் சுட்டு முடித்த வெறும் கூடு. எது என்று சொல்லாமல் குழிக்குத் திரும்பிவிடுவாள். வெறும் கூட்டில் குழல் குனிந்தால் "ம்ஹும்" என்பாள். எது உள்ளே இருக்கிறது என்று தெரியாததால், மெல்ல மெல்ல வெடியை எதிர்பார்ப்பதையே விட்டேன். தட்டை மட்டும் பார்த்தேன். முதல் தட்டு உடைந்து கரும்புகையாகச் சிதறியபோது நான் துப்பாக்கியோடு சிலையாக நின்றேன். அவள்தான் குழியிலிருந்து ஏறி ஓடிவந்து, சிதறிய துண்டுகளில் ஒன்றைத் தேடி எடுத்து, தட்டைவிடப் பெரிய பொருள் போல என் கையில் வைத்தாள்.

ஆனால் இன்னொரு வியாதி இருந்தது. ஒன்று தவறினால் அடுத்த நாலைந்தும் தவறும். சியாம் ஞாபகம் வந்துவிடும். அதையும் அவளிடம் சொன்னேன்.

"அந்தத் தட்டு போயிருச்சுங்க. நான் அடுத்தத வச்சிட்டேன், பாருங்க."

கிழப் பன்றி

அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்பு மானேஜர் தானே பார்க்க வந்தார். வெயில் தாழ்ந்த நேரம். லயத்து ஆட்கள் ஒரு பக்கத்திலிருந்து தகரம் தட்டி வந்தார்கள். நான் எதிர் மூலையில், சுட்டால் வெறும் காட்டுக்குள் போகும்படி நின்றேன். மானேஜர் என் முதுகுக்குப் பின்னால். அவர் மூச்சு கேட்டது.

கூட்டத்துக்குத் தலைவனான கிழப் பன்றி மரவள்ளியைப் பிளந்துகொண்டு வந்தது. முதல் குழல். வாலுக்குப் பின்னால் மண் தெறித்தது. மானேஜர் ஏதோ முனகினார். பன்றி இடதுபக்கம் திரும்பி வேகமெடுத்தது. குழல் அதோடு போனது, மூக்கைத் தாண்டியது, இன்னும் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது வெடியை நான் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. பன்றி தலைகுப்புற உருண்டது. மற்றவை சிதறிக் காட்டுக்குள் ஓடின.

மானேஜர் "பாகுஸ்", பிரமாதம், என்று தோளைத் தட்டினார். துப்பாக்கி அறுவடை முடியும்வரை என்னிடமே இருந்தது. அந்த முறை எங்கள் லயத்திலிருந்து யாரையும் சியாமுக்குக் கேட்கவில்லை. பன்றியினாலா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. அன்று எல்லா வீட்டிலும் கறி வெந்தது.

ஆட்கள் என்னைச் சுற்றி ஆரவாரம் செய்தபோது செல்லம்மா கையில் தகரத்தோடு வந்து நின்றாள்.

"மொத வெடி எங்க போச்சு?"

"பின்னாடி."

"அப்ப என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல. பன்னியத்தான் பாத்தேன்."

"அதான்" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் முந்தானையால் என் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

சண்டை முடிந்தபின் ஜொகூர் பாருவில் ஒரு ரேஞ்சில் வேலை கிடைத்து, பல வருஷம் பலருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தேன். கால் வைப்பதும் கன்னம் ஒட்டுவதும் ஒரு வாரத்தில் வந்துவிடும். தவறிய தட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். தனியாகப் பழகாதீர்கள். நீங்கள் கண்ணை மூடுவதை உங்களால் பார்க்க முடியாது. பார்த்து, மறைக்காமல் சொல்கிற ஒருவர் பக்கத்தில் வேண்டும். எனக்கு இருந்தாள்.