ஈவ்லினின் ‘சொல்ப நில்லு’

ஈவ்லின் ஒரு பாட்டுத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறார் என்று தெரிந்தபோது அவருடைய வார்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. “சர்ச் பாட்டுதானே சிஸ்டர்?” என்றார்கள். இல்லை என்றதும்தான் ஆச்சரியப்பட்டார்கள்.

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈவ்லின் நர்ஸ். வயது நாற்பது. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துவது எல்லாம் இதே ஊரில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆராதனைக்கு பியானோ வாசிப்பார். அந்தப் பழக்கத்தில்தான் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கினார். பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்கும் மோலி செல்லோ வாசித்தார். கல்யாண பேண்டுகளில் வாசிக்கும் மஞ்சுநாத் கிளாரினெட்டோடு வந்து சேர்ந்தார். டிரம்ஸ் கிடையாது. பல்லவி திரும்பி வராது. மூன்று வாத்தியங்களும் ஒரு குரலும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

தொகுப்பின் பெயர் ‘சொல்ப நில்லு’. ‘சொல்ப’ கன்னடம், கொஞ்சம் என்று அர்த்தம். ‘நில்லு’ தமிழ், கன்னடம் இரண்டுக்கும் பொது. பாட்டு வரிகளும் அப்படித்தான், அவர் வீட்டில் பேசும் கன்னடம் கலந்த தமிழ். அந்தப் பெயரில் வரும் பாட்டு பாதி வழியில் சட்டென்று நின்றுவிடும். கேட்பவருக்குச் சந்தேகம் வரும் அளவுக்கு மௌனம். பிறகு ஈவ்லின் ‘சொல்ப’ என்று மட்டும் பாடுவார். அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு கிளாரினெட் எழும்.

முதலில் வந்த விமர்சனமெல்லாம் சொந்தக்காரர்களுடையது. “நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்னு காத்துட்டே இருந்தேன், முடிஞ்சிடுச்சு” என்றார் நாத்தனார் நிம்மி. நடுவில் நெட் போய்விட்டது என்று நினைத்து மூன்று பேர் போனை அணைத்து மறுபடி போட்டதாகச் சொன்னார்கள். ஈவ்லின் சிரித்துக்கொண்டார்.

பிறகு பெங்களூரின் ஆங்கில இசைத்தளம் ஒன்று நீளமாக எழுதியது. இந்த வருடம் கேட்டவற்றில் மிகத் துணிச்சலான முயற்சி என்றது. இஸ்ரவேல் அதை ஆபீசில் எல்லோருக்கும் அனுப்பினார். அவர் ஈவ்லினின் கணவர். பாட்டைப் பற்றி வாய் திறக்காதவர், ஆனால் ஒத்திகை நடக்கும்போதெல்லாம் வாசலில் வண்டிகளை ஹாரன் அடிக்கவிடாமல் பார்த்துக்கொள்வார்.

அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் சென்னைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் வந்தது. இசையை மனதாரப் பாராட்டிவிட்டு விமர்சகர் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘இசையில் இத்தனை கவனம் காட்டியவர் மொழியில் காட்டவில்லை. தமிழாகவும் இல்லாமல் கன்னடமாகவும் இல்லாமல் ஒரு மொழி. யாராவது திருத்திக் கொடுத்திருக்கலாம்.’

ஈவ்லின் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கோயம்புத்தூரில் நர்சிங் படித்தபோது, அவர் வாயைத் திறந்தாலே விடுதியில் சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் அவர் கன்னடக்காரி. மைசூரில் தமிழச்சி. பாட்டில்தான் இரண்டு பக்கமும் பயமில்லாமல் பேசியிருந்தார். அதையும் ஒருவர் சிவப்பு மையால் அடித்துவிட்டதுபோல இருந்தது.

சில நாள் கழித்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் இயந்திரச் சத்தம்.

“அக்கா, நா ஜீவிதா. நஞ்சன்கூட்டுல கம்பெனில வேல பண்றேன். எங்க அப்பா அம்மா தமிழ்நாட்டுலருந்து கட்டட வேலைக்கு வந்தவங்க. எங்க ஊட்லயும் இதே மாதிரிதான் மாத்தாடுவோம் அக்கா. நம்ம பேச்சும் பாட்டுல வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது. லஞ்ச் டைம்ல எல்லாருக்கும் போட்டுக் காமிச்சேன்.”

மாத்தாடுவது என்றால் பேசுவது. ஈவ்லின் அந்தப் பதிவைச் சமையலறையில் நின்றபடி திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகு கொள்ளேகாலிலிருந்தும் ஷிமோகாவிலிருந்தும் பத்ராவதியிலிருந்தும் செய்திகள் வந்தன. யூடியூபில் பாட்டுக்குக் கீழே ஒருவர் தமிழைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுத, இன்னொருவர், ‘எங்க அம்மா என்னைத் திட்டுறதே இந்தத் தமிழ்லதான், அதைக் கெட்டதுன்னு சொல்லாதீங்க’ என்று பதில் போட்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து சீனு பேசினார். சின்ன அரங்கில் கச்சேரிகள் நடத்தும் அமைப்பின் செயலாளர் அவர்.

“மேடம், மியூசிக் பிரமாதம். நீங்க வந்து பாடணும். ஒரே ஒரு விஷயம், அந்த வார்த்தைங்களை மட்டும் சரி பண்ணிக்கலாமா? தெரிஞ்ச கவிஞர் ஒருத்தர் இருக்கார், மெட்டு கெடாம மாத்தித் தருவார்.”

“எத மாத்துவாரு சார்?”

“‘சொல்ப’வைக் ‘கொஞ்சம்’னு. ‘மாத்தாடு’வைப் ‘பேசு’ன்னு. அவ்ளோதான்.”

யோசித்துச் சொல்வதாக ஈவ்லின் போனை வைத்தார். சென்னையில் பாட வேண்டும் என்பது அவருக்குப் பல வருட ஆசை. மோலிக்கும் தெரியும். “ஒரு தடவைக்கு மாத்திப் பாடினா என்ன ஈவ்? ஊர் ஊரா சண்டை போட முடியுமா?” என்றார்.

மாற்றிப் பாடிப் பார்த்தார்கள். மௌனம் முடிந்து ஈவ்லின் ‘கொஞ்சம்’ என்று பாடினார். மஞ்சுநாத் கிளாரினெட்டை உதட்டில் வைத்தவர் ஊதாமலே எடுத்துவிட்டார். அவர் வீட்டில் கன்னடம்தான், தமிழ் இவர்களோடு பழகி வந்தது.

“மேடம், ‘சொல்ப’ன்னா வாய் தொறந்தே இருக்கு, நான் உள்ள வரேன். ‘கொஞ்சம்’னா வாய் மூடிடுது. நான் எங்கிருந்து வரது?”

ஈவ்லினுக்கும் அதேதான் தோன்றியது. கூடவே ஜீவிதாவின் குரலும் காதில் கேட்டது. அந்தப் பெண்ணிடம் போய் என்னவென்று சொல்வது? அங்கேயே சீனுவுக்கு போன் போட்டார்.

“சார், பாட்டு இப்டியேதான் இருக்கும். இது தப்பான தமிழ் இல்ல, எங்க வீட்டுத் தமிழ். வேணாம்னா சொல்லிடுங்க, நான் பேஜார் பண்ணிக்க மாட்டேன், வருத்தமெல்லாம் இல்ல.”

கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சீனு சொன்னார். அடுத்த வாரம் கூப்பிட்டார். “அப்படியே பாடுங்க மேடம். நான் கேட்டது தப்போன்னு எனக்கே தோணிடுச்சு.”

சென்னை அரங்கில் நாற்காலிகள் அநேகமாக நிறைந்திருந்தன. ஈவ்லின் மைக் முன் நின்றார். “நாங்க மைசூர்லருந்து வந்திருக்கோம். என் பேச்சுல கன்னடம் வரும். நீங்க சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.” சிரிப்பு எழுந்தது. விடுதியில் கேட்ட சிரிப்பு இல்லை இது. அவர் தோள்கள் இறுக்கம் விட்டு நிமிர்ந்ததை மோலி பக்கத்திலிருந்து பார்த்தார்.

அந்தப் பாட்டின் மௌனம் வந்தபோது யாரோ கை தட்டத் தொடங்கி, பாட்டு இன்னும் முடியவில்லை என்று தெரிந்து நிறுத்தினார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும். ஈவ்லின் அவசரப்படவில்லை. அவர் ‘சொல்ப’ என்றபோது முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் எழுந்து போனதும் உண்மைதான். மற்றவர்கள் கடைசிவரை இருந்தார்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள்.

முன்வரிசை அம்மாள் மேடைக்கே வந்துவிட்டார். பெயர் உமாதேவி, கர்நாடகத்து ஹனூரில் பிறந்தவர், சென்னையில் ஆசிரியை. “இங்க வந்த நாள்லருந்து திருத்தித் திருத்தியே பேசறேன் கண்ணு. இன்னைக்குத்தான் எங்கூருப் பேச்சை மேடைல கேட்டேன்” என்று ஈவ்லினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த விமர்சகரும் வந்திருந்தார் என்பது அவர் மறுபடி எழுதியபோதுதான் தெரிந்தது. ‘மொழியைப் பற்றிய என் கருத்தில் பெரிய மாற்றமில்லை’ என்றே தொடங்கியிருந்தார். ‘ஆனால் அந்த மௌனத்துக்குப் பின் அவர் பாடிய சொல்லுக்கு மாற்றாக வேறொன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.’

இஸ்ரவேல் அதைச் சத்தமாக வாசித்தார். முடித்ததும், “நீ ஜெயிச்சிட்டே ஈவ்” என்றார்.

“ஜெயிக்கறதுக்கு என்னங்க இருக்கு? அவரு திரும்ப வந்து கேட்டாரே, அது போதும்.”

வருடக் கடைசியில் பெங்களூர்த் தளம் அந்த ஆண்டின் சிறந்த தொகுப்புகளில் அதைச் சேர்த்தது. மருத்துவமனையில் தலைமை நர்ஸ் ஸ்ரீதேவி, சீருடையில் ஈவ்லின் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார். கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி வாழ்த்து. ஈவ்லின் அதன் முன் நின்று நிதானமாகப் பார்த்தார். மோலி, மஞ்சுநாத் பெயர்களும் வேண்டும் என்று கேட்டு எழுத வைத்தார். அவருடைய வார்டு நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் இப்போதும் அந்தப் படத்தைக் காட்டி, “இவங்கதான் எங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுத்தான் மாடிப்படி ஏறுகிறார்கள்.