கழுத்தில் இல்லாத ஒரு மணி நேரம்

சீமையில் நான் வேலை பார்க்கும் பஞ்சாலையில் என் வெள்ளைக்கார மேஸ்திரி தினமும் காலையில் என்னிடம்தான் மணி கேட்பார். சுவரில் தாம்பாளம் அகலத்துக்குக் கடிகாரம் தொங்கும். அதை விட்டுவிட்டு, என் சட்டைக்குள் புடைத்திருக்கும் வெள்ளிக் குமிழைப் பார்த்துக் கேட்பார். சங்கிலிக் கடிகாரம் என்று நினைப்பு. நானும் சுவரைப் பார்த்து மணி சொல்லிவிடுவேன். உள்ளே இருப்பது லிங்கம் என்று விளக்க அப்போது எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. போதுமான இங்கிலீஷ் வந்தபோது, இத்தனை நாள் மணி சொன்னவன் இப்போது போய் உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பென்னாகரம் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற லிங்காயத்துக் குடும்பங்கள் அங்கே கொஞ்சம் உண்டு. வீட்டுக்குள் கன்னடமும் தமிழும் கலந்து ஓடும், கடிதம் எழுதுவது தமிழில். பிள்ளை பிறந்ததும் எங்கள் குரு, அவரை அய்யா என்போம், வந்து நெல்லிக்காய் அளவுக் கறுப்பு லிங்கம் ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடுவார். தினமும் குளித்துவிட்டு, அதை இடது உள்ளங்கையில் வைத்துக் கண்ணெடுக்காமல் பார்ப்பதுதான் பூஜை. உருவமே இல்லாத பரம்பொருள் நமக்காக ஒரு கைக்குள் அடங்கியிருக்கிறது என்பது நம்பிக்கை. செத்தால் எரிப்பதில்லை. உட்கார வைத்து, அதே உள்ளங்கையில் லிங்கத்தை வைத்துப் புதைப்பார்கள். அத்தோடு சிவனும் ஜீவனும் ஒன்று, மறுபிறவி கிடையாது. ஒகேனக்கல்லில் சின்னாறு காவிரியில் கலந்த பிறகு எது சின்னாற்றுத் தண்ணீர் என்று யாரால் பிரிக்க முடியும்? ஆனால் ஒரு நிபந்தனை. உயிர் இருக்கும் வரை லிங்கம் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது. பிரிந்தால் நடமாடினாலும் பிணம்தான்.

என் சித்தப்பாவுக்கு அப்படி ஆனது. இண்டூர் ஏரியில் குளிக்கும்போது நூல் அறுந்து லிங்கம் தண்ணீரில் போய்விட்டது. மனுஷர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா சோறு கொண்டுபோனாள். "லிங்கம் இல்லாத ஒடம்புக்கு எதுக்குங்க அண்ணி சோறு? கெடச்சா சாப்புடறேன். இல்லீன்னா வுட்டுடுங்க" என்றாராம். ஊரே சேற்றில் இறங்கித் தடவியது. மூன்றாம் நாள் கிடைத்தது. அய்யா வந்து மறுபடி கட்டிய பிறகுதான் சித்தப்பா வாயில் சோற்றை வைத்தார். நான் புறப்பட்ட அன்று பொம்மிடி ஸ்டேஷனில் அம்மாவுக்கு அந்த ஏரிக்கரைதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எந்தச் சீமையில செத்தாலும் எனக்குப் பயமில்லப்பா. அது மட்டும் ஒன்மேல இருக்கணும்" என்றாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் எனக்குக் குடல்வால் வீங்கி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உடனே அறுக்க வேண்டும், உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். முடியாது என்றேன். மோரீன் என்று ஒரு ஐரிஷ் நர்ஸ், நாற்பது வயதிருக்கும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதிர்ஷ்டக் கல்லா?"

"கடவுள்."

"கடவுளைப் பெட்டியில் போட்டா வைப்பீர்கள்?"

வலியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது வெறும் வெள்ளி. பெட்டி நான்தான்!" என்றேன். என்ன புரிந்ததோ, ஒரு வழி சொன்னாள். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெண்களுக்கு அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டித்தான் அனுப்புவார்களாம். அதையே செய்கிறேன் என்றாள். நான் வெள்ளிக் கூட்டைத் திறந்து லிங்கத்தை இடது உள்ளங்கையில் வைத்தேன். ஒட்டிவிட்டாள்.

கண் விழித்தபோது மேலே ஒரே வெள்ளை. கழுத்துவரை வெள்ளைத் துணி. இடது உள்ளங்கையில் லிங்கம். சரி, செத்துவிட்டோம் என்று முடிவு கட்டினேன். பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாவிகள், படுக்க வைத்துப் புதைத்துவிட்டார்களே, உட்கார வைக்கச் சொல்ல நமக்கு இங்கே ஒரு ஆள் இல்லையே! பிறகு வயிறு வலித்தது. ஐக்கியமானவனுக்கு ஏது வயிறு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மோரீன் டீயோடு வந்தாள்.

மறுநாள் அவளே சொன்னாள். இடது கையில் ஊசி ஏற்ற வேண்டும் என்று டாக்டர் லிங்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டாராம். "தட்டில் போட மனசு வரவில்லை. முடியும்வரை கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். ஒரு மணி நேரம். பிறகு உங்கள் கையிலேயே திரும்ப ஒட்டிவிட்டேன்."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். உப்பு போதவில்லை போலிருக்கிறது என்று அவள் போய் உப்புக் குப்பியை எடுத்துவந்து என் எதிரில் வைத்தாள். எந்தக் கையில் வைத்திருந்தாய் என்று கேட்டேன். இடது கையைக் காட்டினாள். வலது கையால் கதவைத் திறக்க வேண்டியிருந்ததாம். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் நிறைந்தது என்று தினமும் சொல்கிறேனே, இந்தக் கை மட்டும் அதில் சேராதா? எனக்கு அழுகை வந்தது. தட்டை இழுத்துச் சாப்பிட்டேன்.

அம்மாவுக்கு ஒளிக்காமல் எழுதினேன். அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதிய பதில் வந்தது. "அந்தம்மாவுக்கு எங்க கும்பிடு சொல்லு. ஆனா நீ வந்து அய்யா கையால மறுபடி கட்டிக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல."

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். அய்யா வந்து மணை போட்டு உட்கார்ந்தார். "அவுத்துக் குடுப்பா" என்றார். என் கை மார்பிலேயே நின்றுவிட்டது. மறுபடி கட்டிக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் நான் பிணம் என்று ஆகும். மோரீனின் கை வெறுங்கை என்று ஆகும். "வேண்டாங்க அய்யா. அது கீழ வுழலீங்க" என்றேன். அவர் திட்டவில்லை. "அப்ப வரிசையில உக்கார முடியாதேப்பா" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் எல்லோருக்கும் வரிசையாக இலை போட்டு, எனக்கு மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டாள் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை. பரிமாறி முடித்ததும் தன் இலையைக் கொண்டுவந்து என் இடது பக்கம் அந்த ஒரு முழ இடைவெளியில் போட்டு உட்கார்ந்தாள்.

இங்கே மேஸ்திரி இன்னமும் மணி கேட்கிறார். சாயங்காலம் அறைக்கு வந்து தனியாகச் சாப்பிட உட்காரும்போது, மேஜையில் இடது பக்கம் ஒரு முழம் விட்டுத்தான் தட்டை வைக்கிறேன்.