பள்ளத்துக்குள் நின்ற மரியாதை

தங்கை வீட்டிலிருந்து யாராவது வெறுங்கையோடு வெளியேறினால் அது உலக அதிசயம். அன்று மதியமும் தேத்தண்ணிப் போத்தல் வேண்டாம் என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. காரின் முன்சீட்டில் போத்தலை வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். வேண்டாம் என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. அதை நம்பாமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

திரும்பும் வழியில், பனிப்புயல் என்று ஹைவேயை மூடிவிட்டார்கள். கைபேசியில் இருந்த வரைபடம் என்னைப் பிக்கரிங்குக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே போகும் ஒரு சின்ன வீதிக்குத் திருப்பிவிட்டது. நான் இருக்கும் ஸ்காபரோ நகருக்குள் பனி என்றால் வீடு போய்ச் சேரப் பிந்தும், அவ்வளவுதான். இங்கே காற்று வயலிலிருந்து பனியை அள்ளி வீதியில் கொட்டிக்கொண்டிருந்தது. வீதி எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். இடைக்கிடை வரைபடத்தைத் திட்டினேன். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் உதவின.

அப்போது முன்னால் மஞ்சள் விளக்கு மினுங்கியது. ஒரு கார் பின்பக்கமாகச் சறுக்கி வீதியோரப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. மூக்கு மட்டும் மேலே தெரிந்தது. பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு வயதானவர் கையை ஆட்டினார். உதவி கேட்டு அல்ல, "போ, போ" என்று.

நிறுத்தினால் என் காரும் அங்கேயே புதைந்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. இருந்தும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஓகே, ஓகே! நோ ப்ரொப்ளம்!" என்று கத்தினார். அந்த உச்சரிப்பை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"அங்கிள், தமிழோ?"

"ஓம் பிள்ளை. ஒண்டுமில்லை, சும்மா சறுக்கிப்போட்டுது. நீங்கள் போங்கோ. மகன் வருவான்."

"மகனுக்குப் போன் எடுத்தனீங்களோ?"

அவர் பனியைப் பார்த்தார். "அவன் வேலையில நிக்கிறான். உந்த ஸ்னோவுக்க அவனுக்கேன் கரைச்சல் குடுப்பான்? காத்து அடங்கட்டும், பிறகு பாப்பம் எண்டு நிக்கிறம்."

"வேற ஒருதரும் நிப்பாட்டேல்லையோ?"

"ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ட்ரக்கில வந்து கேட்டவன். நல்ல பெடியன். ஓகே எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய் இருந்தால் வங்காளமும் போகலாம் என்பார்கள். இந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் நிற்கிறார். அந்தப் பெடியனிலும் பிழையில்லை. அவர்கள் ஊரில் ஓகே என்றால் ஓகேதான். இரண்டாம் தரம் கேட்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"காருக்குள்ள வேற ஆரும் இருக்கினமோ?"

"மனிசி பின் சீற்றில. தலையிடிக்குது எண்டவ, இப்பதான் நித்திரையானவ. எழுப்பாதேங்கோ. உள்ளுக்கு நல்ல சூடாக் கிடக்கு."

சூடாகக் கிடக்கு என்ற பிறகுதான் எனக்கு எஞ்சின் சத்தம் காதில் விழுந்தது. காரின் பின்பக்கம் முழுவதும் பனிக்குள் புதைந்திருந்தது. சைலன்சர் குழாய் எங்கே என்றே தெரியவில்லை. குழாய் அடைபட்டால் புகை காருக்குள் திரும்பும், மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் என்று ஒவ்வொரு குளிர்காலமும் தமிழ் ரேடியோ சொல்லும். நான் பாட்டுப் போடுகிற அலைவரிசைக்கு மாற்றிவிடுவேன்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ!"

"ஐயோ, அவவுக்குக் குளிரும் பிள்ளை..."

நான் பள்ளத்துக்குள் இறங்கவில்லை, விழுந்தேன். முன்கதவைத் திறந்து சாவியைத் திருகினேன். பின்கதவைப் பனி இறுக்கிப் பிடித்திருந்தது. கையால் பறித்தேன். "உங்களுக்கேன் கரைச்சல், நான் பாக்கிறன்" என்று அவர் பின்னாலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாயைப் பொத்திக்கொண்டு இழுங்கோ!" என்றேன். என் அப்பாவின் வயது இருக்கும் அவருக்கு.

கதவு திறந்தது. சால்வையைப் போர்த்தபடி அவருடைய மனைவி ஒரு பக்கம் சரிந்து கிடந்தார். நெற்றியில் பொட்டு கலையாமல் இருந்தது. "அன்ரி! அன்ரி!" என்று கன்னத்தில் தட்டினேன். அசைவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்க்கக் கையை வைத்தேன். அடித்த காற்றில் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கணவருக்கு விளங்கியது. அவருடைய முகம் விழுந்துபோனது. "இஞ்சாரும்" என்றார். வாழ்நாள் முழுக்க மனைவியை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். "இஞ்சாரும்... இஞ்சாரும்... எழும்பும்."

இருவருமாக அன்ரியைத் தூக்கி வீதிக் கரையில் இருத்தி முகத்தைக் காற்றுக்குத் திருப்பினோம். அவசர உதவிக்கு 911-ஐ அழைத்து, பேசிய பெண்ணிடம் வரைபடத்தில் இருந்த வீதியின் இலக்கத்தைக் கத்திக் கத்திச் சொன்னேன். அவளைப் பிடிக்கவில்லை, அவ்வளவு நிதானமாகப் பேசினாள். மூச்சு இருக்கிறதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்த நேரம் போல் நான் என்றும் பயந்ததில்லை. அழுதுகொண்டே "அன்ரி" என்று கத்தினேன்.

அவர் இருமினார். பிறகு என் சப்பாத்தில் வாந்தி எடுத்தார். அந்த வாந்தியைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

என் காரில் ஏற்றிக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டோம். பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கினார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். தங்கையின் போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் மெல்ல. "இப்பதானே குடிச்சனாங்கள்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இனி இவருக்கு ஒன்றும் ஆகாது என்று முதன்முதலாக நம்பினேன். மூடியை அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, என் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்புலன்ஸ் வந்தது. அன்ரியைப் படுக்கையில் ஏற்றி ஒட்சிசன் முகமூடி மாட்டினார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி, என் கார்க் கதவைப் பிடித்தபடி நின்ற கணவரிடம் கேட்டார்: "ஆர் யூ ஓகே, சேர்?"

"ஓ..." என்று பழக்கத்தில் வாய் போனது. அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு படுக்கையில் கிடந்த மனைவியைப் பார்த்தார்.

"நோ," என்றார். "நொட் ஓகே."

அவரையும் கையைப் பிடித்து ஏற்றினார்கள். அவரும் புகையைச் சுவாசித்திருப்பார் என்று இன்னொரு முகமூடியை நீட்டியபோது அவர் தொப்பியைக் கழற்றி, மாட்டட்டும் என்று தலையைக் குனிந்து காட்டினார்.