சிங்கப்பூரிலிருந்து சுடுகாடு வரை

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். தூரம் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். அங்கே வேலை பார்க்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன் எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஊரில் யாராவது செத்தால் போய்ச் சேர முடியுமா என்று கணக்குப் போட்டபடியேதான் நாங்கள் அங்கே பிழைக்கிறோம்.

அப்பா செத்த சேதி வந்ததும் கிடைத்த விமானத்தில் ஏறினேன். திருச்சியில் இறங்கி, கார் பிடித்து, ஊர் சேர்ந்தபோது உச்சிப்பொழுதுகூட ஆகவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். முகம் பார்த்தேன், வாய்விட்டு அழுதேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

எங்கள் தெருவிலிருந்து சுடுகாடு கூப்பிடு தூரம். நடுவில் ஊர் இன்னும் மிராசுதார் என்றே சொல்லும் பெரிய நிலக்காரரின் வயல். அதை ஒட்டிய பாதை புறம்போக்கு என்கிறது தாலுகா ஆபீஸ். அவர் அதையும் சேர்த்து உழுது ஒற்றை வரப்பாக்கிவிட்டார். ஆட்சி மாறினால் அவர் துண்டின் கரை மாறும், வரப்பு மாறாது. கூலி கேட்டுக் கொடி பிடித்தவன் பிணம் அந்த வரப்பில் போகக்கூடாது என்பது அவர் சட்டம். அப்பா கொடி பிடித்தவர். வரப்பை விட்டால் வாய்க்கால்தான். அதில் மேட்டூர்த் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது.

அப்பாவை வாய்க்காலில் இறக்குவதில்லை என்று முடிவுகட்டி, நானே மிராசுதார் வீட்டுக்குப் போனேன். நான் சிங்கப்பூர் போனதிலிருந்து அவர் வாயில் ‘டா’ போய் ‘தம்பி’ வந்திருந்தது.

“வா தம்பி, கேள்விப்பட்டேன். எப்ப கெளம்புன?”

“விடியக்காலைலங்க.”

“அட! எத்தனை மணி நேரம் பிளேன்ல?”

“நாலு மணி நேரங்க.”

“நாங்க மெட்ராஸ் போறதுக்கே அதைவிடக் கூட ஆவுதே! சாப்பாடெல்லாம் குடுப்பாங்களா?”

நிஜமாகவே சந்தோஷப்பட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வரப்பைக் கேட்டேன்.

“பயிரு நிக்குதே தம்பி,” என்றார், அதே கனிவோடு. “நீ நாலு ஊரு பாத்த புள்ள, ஒனக்குத் தெரியாதா?” உள்ளே போய்விட்டார்.

அங்கேயே கழுத்தைப் பிடித்திருப்பேன். அம்மா அந்த ஊரில்தானே இருந்தாக வேண்டும்!

பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினோம். சேறு காலை இழுத்தது. முன்னால் போனவர் சறுக்கியதில் பாடை சாய்ந்து, அப்பா பாதி முங்கிவிட்டார். கரையேற்றி, அவிழ்ந்த கட்டை மறுபடி கட்டி, திரும்பவும் இறங்கினோம். மிராசுதாரின் ஆட்கள் வரப்பில் காய்ந்த காலோடு நின்று, எங்களில் யாரும் பயிரை மிதிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். விறகு நன்றாகக் காய்ந்திருந்தது, அப்பாதான் ஈரம். வீட்டை விட்டுக் கிளம்பி அவர் ஒழுங்காகப் பற்றி எரிய, நான் கடல் தாண்டி வந்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

கருமாதி முடிந்து நான் கிளம்பும் நாளில் மிராசுதார் வீட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அவர் மகனும் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். அவனுக்கு வடகமும் நார்த்தங்காய் ஊறுகாயும். தூக்கி வாய்க்காலில் வீசப் போனேன். அம்மா பிடுங்கி, என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே, உடையாமல் பத்திரமாக வைத்தாள்.

“ஒனக்கு வெக்கமா இல்லையாம்மா?”

“கொண்டுபோயி குடுத்துடு சாமி,” என்றாள். “நாளைக்கு என்னையாச்சும் அந்த வரப்பு மேல தூக்கிட்டுப் போவ விடுவாங்க.”