மடவை துள்ளிய ஏரி

யுத்த காலத்தில் மீன் இலாகாவில் எனக்குத் தற்காலிக வேலை. கடலூர்க் கழிமுகத்தில் விரல் நீள மடவை மீன் குஞ்சுகளைப் பிடித்து, பானைத் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கி, மொரப்பூர் வரை ரயிலிலும் அப்புறம் மாட்டு வண்டியிலும் கொண்டு வந்து, காரிமங்கலம் பக்கத்து ஏரி ஒன்றில் விட்டிருந்தேன். குஞ்சுகள் மூச்சுத் திணறாமலிருக்க வழியெல்லாம் பானையைக் கலக்கிக்கொண்டே வந்தேன். கல்யாணமாகாதவனுக்கு அத்தனை பிள்ளைகள்.

மறு கோடையில் ஏரி முழங்கால் தண்ணீராக வற்றியது. அப்படி வற்றும்போது ஊர்க்கவுண்டர் கரையில் நின்று துண்டை வீசுவார். ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அதைப் பார்க்க எங்கள் சூப்பிரண்டும் வந்துவிட்டார். மடவை பிழைத்திருந்தால்தான் எனக்கு வேலை என்பதை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டார். அவருக்கு மரியாதையாக நான் புது வேட்டி கட்டியிருந்தேன்.

துண்டு வீசியாயிற்று. அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு விராலும் கெளுத்தியுமாக எடுத்தார்கள். மடவை ஒன்றுகூட இல்லை.

"ஏனுங்க சார், உங்க கடல் மீனு வெயிலுக்குக் கரைஞ்சு போச்சுங்களா?" என்றார் கவுண்டர்.

"உள்ளதான் இருக்கும்ங்க. பாசியும் மக்கின சேறும் அதுக்குத் தீனி."

"சேறு தின்னா வயிறு நெறையும்னா நாங்க எதுக்குங்க கேவுரு வெதைக்கறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்; உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. சூப்பிரண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஒரு ஊத்தா விழுந்த இடத்தில் வெள்ளியாக ஏதோ எழும்பி, கூடைக்காரர் தலைக்கு மேலேயே தாண்டிப் போயிற்று. எனக்கு விளங்கிவிட்டது. விரால் சேற்றில் பதுங்கி அகப்படும். மடவை துள்ளித் தப்பும். கழிமுகத்தில் வலைக்கு அப்பால் இன்னொரு வலையைத் தண்ணீர்மேல் படுக்கையாக விரித்து, துள்ளி வருவதை ஏந்திக்கொள்வார்கள். இங்கே அந்த வலைக்கு எங்கே போவது? குனிந்து என் இடுப்பைப் பார்த்தேன்.

கோவணத்தோடு நின்று, வேட்டியின் நாலு மூலையை நாலு பேரிடம் கொடுத்தேன். கூடைக்காரர்கள் வரிசையாக மீனை எங்கள் பக்கம் விரட்டி வந்தார்கள். முதல் மீன் வேட்டியைத் தாண்டியது. இரண்டாவது என் மார்பில் மோதித் தண்ணீரில் விழுந்தது. கரையில் சூப்பிரண்டு குடையை மடக்கிக் கிளம்பத் தயாரானார். மூன்றாவது தொப்பென்று வேட்டியில் விழுந்தது. பின்னாலேயே இன்னும் நாலைந்து.

விரலளவாக விட்டது முழங்கை நீளம் வளர்ந்திருந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாளிடம் சூப்பிரண்டு ஒன்றை அறுக்கச் சொன்னார். உள்ளே கறுப்புச் சேறு. இரை அரைக்க, கோழிக்கு இருப்பது போலக் கெட்டிச் சதை.

"முட்டையைக் காணோமே. இங்கே பெருகாதா?"

உண்மையைச் சொன்னால் வேலை போகலாம்; சொன்னேன். "பெருகாது சார். கழிமுகத்தில் வளரும், முட்டையிடக் கடலுக்குத்தான் போகும்."

"தலைப்பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்குப் போறாப்பலங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"ஒவ்வொரு பிரசவத்துக்கும்ங்க," என்றேன்.

சூப்பிரண்டு சிரிக்கவில்லை. "அப்படியென்றால் வருஷா வருஷம் குஞ்சு கொண்டுவர ஓர் ஆள் வேண்டும்."

"ஆமாம் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த ஆள் முதலில் வேட்டியைக் கட்டட்டும்."

மிச்ச மீன்கள் அதில் துள்ளிக்கொண்டிருந்தன. நாலு பேரும் மூலையை விடுவதாக இல்லை.